எட்டாவது கோடு

கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு
பெரும்பாக்கம் பஸ்சில் ஏறினேன்.
"கட்சியா, மலைக்கா?" என்றார் கண்டக்டர்.
கருவிக்கு, என்றேன்.
வெள்ளை உடுத்தினால் என் சட்டையின் வெளிச்சம்
தரையின் வெளிச்சத்தில் போய்க் கலந்துவிடும்;
பள்ளிக்கரணைச் சேறு
சலவைக்குப் போய்வந்த சேறாகப் பதிவாகும்.

பத்தரையிலிருந்து ஒன்றரை வரைதான் நேரம்.
நஸ்ரின் வெள்ளைத் தகட்டை நீட்டுவாள்.
"இதுதான் நூறு" என்று
முதலில் கருவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும்.
ஒரு மேகம் கடந்தால்
நூறுகூட மாறிவிடுகிறது.

வானத்திலிருந்து எடுத்த படம் கையில் இருக்கிறது.
அதில் ஒரு புள்ளி
தரையில் முப்பது மீட்டருக்கு முப்பது,
நம் கணக்கில் நாலு கிரவுண்டு.
அதற்குள் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் சம்பு,
ஒரு மாட்டுக்கொட்டகை, ரோட்டின் ஓரம்
எல்லாம் அரைபட்டு ஒரே நிறமாலையாய் நெளியும்.
பிரித்துச் சொல்லக் கலப்பில்லாத மாதிரிகள் வேண்டும்:
சம்பு மட்டுமே ஆன சம்பு,
தண்ணீர் மட்டுமே ஆன தண்ணீர்.

வெளிநாட்டு நூலகத்தில்
ஆயிரம் கோடுகள் இலவசமாய்க் கிடைக்கின்றன.
அவர்கள் தகரம் பாலைவனத்துத் தகரம்.
இங்கே தகரத்தின் மேல்
உப்புக்காற்று, காக்கை எச்சம்,
போன தேர்தலின் பாதி முகம்.

ஏழு போதும் என்றார் கைடு.
அதிகம் சேர்த்தால் ஒன்றின் பங்கை இன்னொன்று தின்னுமாம்.
ஆகாயத்தாமரை எழுநூறு நானோமீட்டரில்
ஐப்பசித் தக்காளி விலைபோல் செங்குத்தாய் ஏறியது.
ஆயிரத்து நானூறில் எல்லாக் கோடுகளும் பேயாட்டம்:
நடுவில் நிற்பது சென்னைக் காற்று,
பாதி அது வேர்வை.
தண்ணீருக்குத்தான் அலைந்தோம்.
ஓரிடத்தில் எண்ணெய். ஓரிடத்தில் பாசி.
கடைசியில் கண்டோம் கண்ணாடிபோல் ஒரு குட்டை;
அண்ணாந்தால்
மேலே லாரி டேங்க் ஒழுகிக்கொண்டிருந்தது.

குப்பைமேட்டுக்கு இந்தப் பக்கம்
நீலத் தார்ப்பாய்க் கூரைகள்.
ஒன்றின் நிழலில் கோட்டீஸ்வரி
பாட்டில் மூடிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.
எங்களைவிட வேகம்.
வெள்ளை ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம்,
எதிலும் சேராததற்கு ஒரு கோணி.
"அதுக்கு ரேட்டு கம்மி தம்பி.
எடை அதுதான் ஜாஸ்தி."
கூரையின் நிறத்தை எடுக்கிறோம் என்றேன்.
"நீலம்னு எழுதிக்க.
இதுக்கு எதுக்குத் துப்பாக்கி?"

பத்து அளவை. சராசரி.
ஆயிரத்து எழுநூற்று முப்பதில் ஒரு பள்ளம்,
பிளாஸ்டிக்கின் கைநாட்டு.
நாள் முழுக்கத் தேடியதில்
கலப்பே இல்லாத கோடு இது ஒன்றுதான்.

ராத்திரி தரமணி லேபில் ஓட்டிப்பார்த்தோம்.
ஏழு கோடுகளோடு
கோட்டீஸ்வரியின் தெரு
நாற்பது சதம் தண்ணீர், அறுபது சதம் குப்பை.
பிழைப்படம் மட்டும் அந்த இடத்தில்
சிவப்பாய்க் கொதித்தது.
எட்டாவதைச் சேர்த்ததும்
கொதிப்பு அடங்கிற்று.
எந்தச் சதுரத்தில் எவ்வளவு நீலம் என்று
அட்சரேகை தீர்க்கரேகையோடு வந்துவிட்டது.

நஸ்ரின் கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.
சதுப்புநில ஆக்கிரமிப்பு மதிப்பீடு.
விட்டால் அவர்கள் குப்பை.
சேர்த்தால் இவர்கள்.
ஏசி சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

பிறகு அவள்தான் காட்டினாள்:
அதே சதுப்பின்மேல் நிற்கும்
பதினான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடங்கள்
எங்கள் வரைபடத்தில் தெளிந்த தண்ணீர்.
அவற்றுக்குக் கோடு எடு என்று
யாரும் சொல்லவில்லை,
எங்களுக்கும் தோன்றவில்லை.

எட்டை இன்னும் சேமிக்கவில்லை.
நாளை கண்ணாடிக்குப் போகிறோம்.
கருப்புச் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.
செக்யூரிட்டி கேட்பார்,
கட்சியா, மலைக்கா என்று.